அல்பம் வரவில்லையா? முதலில் படங்களைக் கேளுங்கள்

கல்யாணப் படத்தை மறுபடி எடுக்க முடியாது. ஆகவே படப்பிடிப்பாளர் இழுத்தடித்தால், காசைத் திருப்பிக் கேட்குமுன் மூலப் படங்களைக் கேளுங்கள் என்பேன். அடுத்த கல்யாணத்திற்காக மெமரி கார்டை அவர் அழித்துவிடக்கூடும். எனது சகோதரியின் மகளுக்கு ஆறு மாதமாக அல்பம் வராதபோது, படங்களை ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி வேறிடத்தில் அடித்தோம்.

தர மறுத்தால், திகதி குறித்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். அடுத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பொருட்களுடன் சேவைகளையும் உள்ளடக்குகிறது. சிறுதொகைப் பிணக்கானால் சட்டத்தரணி இல்லாமலே மத்தியஸ்த சபைக்குப் போகலாம்.

வியாபாரிகளான நமக்குத் தெரிந்த பாதுகாப்பு ஒன்றுதான்: கையளிக்கும் திகதியை எழுத்தில் வாங்குங்கள், அல்பம் கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.