நூலின் தரத்தைத் தீர்மானிக்கும் கால் மில்லிமீட்டர்: கார்டிங் இயந்திரங்கள் எவ்வாறு மேம்படுகின்றன?

புது டெல்லி: பருத்தி ஆடையின் தரம் பெருமளவு நூற்பாலையின் கார்டிங் பிரிவிலேயே தீர்மானிக்கப்படுகிறது. அங்கு இரு கம்பிப் பரப்புகளுக்கு இடையே விடப்படும் இடைவெளி கால் மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. அந்த இடைவெளி சற்றே பிசகினால் நூலில் முடிச்சுகள் தோன்றும், இழைகள் அறுந்து கழிவு பெருகும். "நன்றாகச் சீவிய பஞ்சு பாதி நூற்ற பஞ்சு" என்று நூற்புத் தொழிலில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவதற்குக் காரணம் இதுவே.

1960-களின் நடுப்பகுதியில் ஒரு கார்டிங் இயந்திரம் மணிக்குச் சுமார் 5 கிலோ பஞ்சையே சீவியது. இன்றைய உயர்திறன் இயந்திரங்கள் மணிக்கு 200 கிலோவைத் தாண்டும் திறனுடன் விற்பனைக்கு வருகின்றன. இவ்வளவு வேகத்திலும் மென்மையான பருத்தி இழை சேதமடையாமல் காப்பது எப்படி என்பதே வடிவமைப்பாளர்களின் முன்னுள்ள கேள்வி. பல வகைப் பருத்தியை விளைவிக்கும் இந்தியாவுக்கு இக்கேள்வி கூடுதல் முக்கியத்துவம் உடையது.

கார்டிங் என்றால் என்ன?

ஜின்னிங் ஆலையில் விதை நீக்கப்பட்ட பஞ்சு, பொதிகளாக இறுக்கிக் கட்டப்பட்டு நூற்பாலைக்கு வருகிறது. இந்தியாவில் ஒரு பொதியின் நிலையான எடை 170 கிலோ. பொதி பிரிக்கப்பட்டு, புளோ ரூம் எனப்படும் பிரிவில் அடித்து உதிர்க்கப்பட்ட பின்னரும் பஞ்சு சிறு சிறு கொத்துகளாகவே இருக்கும். அக்கொத்துகளைத் தனித்தனி இழைகளாகப் பிரிப்பது, எஞ்சிய இலைத் துகள், விதைத் துகள், தூசி ஆகியவற்றை நீக்குவது, இழைகளை ஓரளவு ஒரே திசையில் அடுக்குவது, இறுதியில் அவற்றை ஸ்லைவர் எனப்படும் முறுக்கில்லாத பஞ்சுக் கயிறாகத் திரட்டுவது ஆகியவை கார்டிங் இயந்திரத்தின் பணிகள்.

இயந்திரத்துக்குள் நுழையும் பஞ்சு விரிப்பை முதலில் லிக்கர்-இன் என்ற பல் உருளை கிழித்துப் பிரிக்கிறது. அங்கிருந்து இழைகள் சிலிண்டர் எனப்படும் பெரிய உருளைக்கு மாறுகின்றன. சிலிண்டருக்கு மேலே, அதன் வளைவை ஒட்டி, கம்பிப் பற்கள் பதித்த ஃபிளாட் எனப்படும் பட்டைகள் மிக மெதுவாக நகர்கின்றன. சிலிண்டரின் பற்களுக்கும் ஃபிளாட்டின் பற்களுக்கும் நடுவில்தான் உண்மையான சீவல் நிகழ்கிறது. இறுதியாக டாஃபர் என்ற உருளை இழைகளை மெல்லிய வலையாகப் பெற்றுத் தருகிறது. ஓர் இழை பொதுவாகச் சிலிண்டரில் பலமுறை சுற்றிய பின்னரே டாஃபரை அடைகிறது.

வேகம் கூடினால் என்ன சிக்கல்?

நவீன இயந்திரங்களின் சிலிண்டர் விட்டம் பெரும்பாலும் 1.29 மீட்டர். அது நிமிடத்துக்கு 450 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 109 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். விளிம்பில் உள்ள ஒவ்வொரு பல்லின் மீதும் புவியீர்ப்பைப் போல் 140 மடங்குக்கும் மேற்பட்ட விசை வெளிநோக்கிச் செயல்படும். கனமான குப்பைத் துகள்களை வீசியெறிய இவ்விசை உதவுகிறது. அதே விசை உருளையின் உடலையும் மிக நுண்ணிய அளவில் புடைக்கச் செய்கிறது.

இத்துடன் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. எஃகு உருளையின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அதன் ஆரம் சுமார் 0.08 மில்லிமீட்டர் கூடும். இடைவெளியே 0.2 மில்லிமீட்டர் எனும்போது இது புறக்கணிக்கத்தக்க மாற்றம் அன்று. ஃபிளாட்டுகளைத் தாங்கும் சட்டமும் சூடேறி விரிவதால், எது எவ்வளவு விரியும் என்பதைக் கணித்தே இடைவெளி அமைக்கப்பட வேண்டும். காலையில் குளிர்ந்த நிலையில் சரியாக இருந்த அமைப்பு, சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் மாறியிருக்கக்கூடும்.

இடைவெளியைக் குறைத்தால் நெப் எனப்படும் சிறு இழை முடிச்சுகள் குறையும். ஆனால், இழைகள் அறுபடும் வாய்ப்பு கூடும். இடைவெளியைக் கூட்டினால் இழைகள் தப்பும், முடிச்சுகள் தங்கிவிடும். வேறு எதையும் மாற்றாமல் உற்பத்தியை மட்டும் உயர்த்தினாலோ, ஒவ்வொரு இழைக்கும் கிடைக்கும் கம்பிப் பற்களின் எண்ணிக்கை குறைந்து சீவலின் தரம் தாழும். வடிவமைப்பில் செய்யப்படும் ஏறத்தாழ எல்லா மேம்பாடுகளும் இந்த முரண்பாட்டைத் தளர்த்தும் முயற்சிகளே.

வரலாறு காட்டும் பாதை

இயந்திரக் கார்டிங்குக்கான தொடக்ககாலக் காப்புரிமைகளை இங்கிலாந்தில் லூயிஸ் பால், டேனியல் போர்ன் ஆகியோர் 1748-ஆம் ஆண்டில் பெற்றனர். 1775-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் பெற்ற காப்புரிமை, பஞ்சு உள்ளே செல்வது முதல் ஸ்லைவராக வெளிவருவது வரையிலான பணிகளைத் தொடர்ச்சியாக இணைத்தது. அந்தக் காப்புரிமை 1785-இல் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் நகரும் ஃபிளாட்டுகள் பரவலாயின.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான நூற்பாலையைக் காவஸ்ஜி தாவர் 1854-இல் மும்பையில் நிறுவினார். அகமதாபாத்தில் ரஞ்சோட்லால் சோட்டாலாலின் ஆலை 1861-இல் இயங்கத் தொடங்கியது. இவற்றின் இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டன. அதன் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கார்டிங் இயந்திரத்தின் அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றம் நிகழவில்லை.

நான்கு முக்கிய மாற்றங்கள்

முதலாவது மாற்றம் கம்பியில் நிகழ்ந்தது. பழைய இயந்திரங்களில் துணி அடுக்கில் பதித்த வளையும் கம்பிகள் இருந்தன. அவற்றில் பஞ்சு சிக்கிக்கொள்வதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ரம்பப் பல் போன்ற உலோகக் கம்பியை உருளையின் மீது சுற்றும் முறை வந்த பின் அடிக்கடி சுத்தம் செய்யும் தேவை நீங்கியது, வேகத்தையும் கூட்ட முடிந்தது. பற்களின் கோணம், உயரம், ஒரு சதுர அங்குலத்தில் உள்ள முனைகளின் எண்ணிக்கை ஆகியவை இப்போது இழையின் வகைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மழுங்கிய பற்களைக் கூர்தீட்டும் கல்லை இயந்திரத்துக்குள்ளேயே பொருத்தும் வடிவமைப்புகளும் வந்துள்ளன.

இரண்டாவது மாற்றம் சீவும் பரப்பின் அளவு. வேகத்தை மட்டும் நம்பாமல் அகலத்தைக் கூட்டும் உத்தி இது. நெடுங்காலம் 1 மீட்டராக இருந்த வேலை அகலம், ஜெர்மனியின் ட்ரூட்ஷ்லர் நிறுவன இயந்திரங்களில் 1.28 மீட்டராகவும், சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவன இயந்திரங்களில் 1.5 மீட்டராகவும் உயர்ந்தது. அகலம் கூடும்போது, அதே உற்பத்தி அளவில் ஒவ்வோர் இழைக்கும் அதிகப் பற்கள் கிடைக்கின்றன. ஃபிளாட்டுகளுக்கு முன்னும் பின்னும் நிலையான சீவு பட்டைகள், கத்திகள், உறிஞ்சு குழாய்கள் ஆகியவை சேர்க்கப்பட்டதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது மாற்றம் நுழைவாயிலில் செய்யப்பட்டது. இழை அதிகம் அறுபடும் இடம் லிக்கர்-இன் என்பதால், ஒரே உருளைக்குப் பதிலாக, படிப்படியாக வேகம் கூடும் மூன்று உருளைகளை அமைக்கும் முறை சில இயந்திரங்களில் பின்பற்றப்படுகிறது. கொத்து ஒரே அடியில் கிழிக்கப்படாமல், மூன்று கட்டங்களில் பிரிக்கப்படுகிறது.

நான்காவது மாற்றம் உணரிகள். உள்ளே வரும் பஞ்சு விரிப்பின் தடிமனையும் வெளிவரும் ஸ்லைவரின் எடையையும் அளந்து, ஊட்டும் வேகத்தைத் தானாகவே திருத்தும் ஆட்டோ லெவலர் அமைப்பு இன்று வழக்கமாகிவிட்டது. வெப்பத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஃபிளாட் இடைவெளியைக் கண்காணிக்கும் கருவிகளும், நெப் எண்ணிக்கையை ஓட்டத்தின்போதே கணக்கிடும் கேமராக்களும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. தமிழகத்தின் கோவையில் 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம், கார்டிங் உள்ளிட்ட நூற்பு இயந்திரங்களை உள்நாட்டிலேயே தயாரித்து வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆலைக்கு என்ன பயன்?

நூலின் உற்பத்திச் செலவில் பாதிக்கும் மேல் பஞ்சுக்கே செல்கிறது. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 10 டன் பஞ்சைப் பயன்படுத்தும் ஆலையில் நல்ல இழை 1 சதவீதம் கூடுதலாகக் கழிவில் சேர்ந்தால், தினமும் 100 கிலோ பஞ்சு வீணாகும். மறுபுறம், கழிவைக் குறைக்கும் நோக்கில் கத்திகளையும் உறிஞ்சலையும் தளர்த்தினால் குப்பை நூலுக்குள் செல்லும். எனவே, எவ்வளவு கழிவு வெளியேறுகிறது என்பதோடு, அதில் நல்ல இழை எவ்வளவு கலந்துள்ளது என்பதையும் ஆலைகள் கவனிக்கின்றன.

இயந்திரத்தின் திறனை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. உள்ளே செல்லும் ஒரு கிராம் பஞ்சில் 200 நெப்புகளும், வெளிவரும் ஸ்லைவரின் ஒரு கிராமில் 50 நெப்புகளும் இருந்தால், நெப் நீக்கும் திறன் 75 சதவீதம். இந்த அளவு குறையத் தொடங்கினால் கம்பி தேய்ந்துள்ளதா, இடைவெளி மாறியுள்ளதா எனச் சோதிக்க வேண்டும்.

தொழிலாளர் நுரையீரலும் வடிவமைப்பும்

கார்டிங் பிரிவு நெடுங்காலமாக நூற்பாலையின் மிகத் தூசி நிறைந்த இடங்களுள் ஒன்று. பருத்தித் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பதால் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் ஏற்படுகிறது. வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் ஏற்படுவது இந்நோயின் தொடக்க அறிகுறி. பழைய இயந்திரங்களின் கம்பிகளைச் சுத்தம் செய்து கூர்தீட்டும் பணியில் இருந்தவர்கள் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

அமெரிக்கா 1978-இல் பருத்தித் தூசிக்கான கட்டுப்பாட்டு விதிகளை வகுத்து, நூல் உற்பத்திப் பிரிவுகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் என்ற வரம்பை விதித்தது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் பிசினோசிஸ் இடம்பெற்றது. முற்றிலும் மூடப்பட்ட உறைகள், தூசி எழும் ஒவ்வோர் இடத்திலும் தொடர் உறிஞ்சல் ஆகியவை இயந்திரத்துடன் இணைந்தே வரத் தொடங்கிய பின் நிலைமை மேம்பட்டது. எனினும், உறை கழற்றப்பட்டோ உறிஞ்சு குழாய் அடைபட்டோ இயங்கும் இயந்திரத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்தியப் பஞ்சின் தனித்தன்மை

பயிரிடப்படும் நான்கு பருத்தி இனங்களும் விளையும் நாடு இந்தியா. குட்டை இழையுடைய நாட்டுப் பருத்தி முதல் மிக நீண்ட இழைப் பருத்தி வரை இங்கு உள்ளன. நீண்ட இழைக்குப் பொருத்தமான கம்பியும் வேகமும் குட்டை இழைக்குப் பொருந்துவதில்லை. மேலும், பருத்தி பெரும்பாலும் கையால் பறிக்கப்பட்டுச் சாக்குகளில் நிரப்பப்பட்டுப் பலர் கைமாறி வருவதால், பிளாஸ்டிக் இழை, சணல், முடி போன்றவை கலந்துவிடுகின்றன. பிளாஸ்டிக் துண்டு ஒன்று கார்டிங் இயந்திரத்துக்குள் சென்றால், அது நுண்ணிய இழைகளாகச் சிதைந்து நெடுந்தூர நூலைக் கெடுக்கும். சாயமிட்ட பிறகே இக்குறை துணியில் புலப்படும்.

இதனால் அந்நியப் பொருள்களைக் கேமரா மூலம் கண்டறிந்து நீக்கும் கருவிகள் கார்டிங்குக்கு முன்பே அமைக்கப்படுகின்றன. பழைய ஆலைகள் நவீன இயந்திரங்களை வாங்குவதற்கு, 1999 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் உதவியது. இந்தியப் பருத்தியின் தரத்தை முன்னிறுத்த 2020 அக்டோபரில் 'கஸ்தூரி' என்ற வணிகப் பெயரும் அறிவிக்கப்பட்டது.

சிறிய இயந்திரங்களுக்கும் தேவை

மேம்பாடு என்றாலே பெரிய, வேகமான இயந்திரம் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆலைகள் வருவதற்கு முன் இந்தியாவில் பஞ்சு கொட்டும் வில்லே கார்டிங் கருவியாக இருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் ராட்டையின் தொடக்ககாலத் தொகுப்பில், பஞ்சைச் சீவுவதற்கான சிறு கையியந்திரமும் இடம்பெற்றிருந்தது. இன்று கதர் நூற்போருக்கான ஸ்லைவரை, கர்நாடகத்தின் சித்ரதுர்கா, மத்தியப் பிரதேசத்தின் செகோர், உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி போன்ற இடங்களில் உள்ள காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையத்தின் மத்திய ஸ்லைவர் ஆலைகள் தயாரித்து வழங்குகின்றன.

தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளில் கைத்தறி நெசவாளர்களுக்காக உருவான 'மல்கா' முயற்சி வேறொரு வழியைக் காட்டியது. பஞ்சைப் பொதியாக இறுக்குவதையும், பின்னர் அதை அடித்துப் பிரிப்பதையும் தவிர்த்து, விளையும் இடத்துக்கு அருகிலேயே உதிரிப் பஞ்சைச் சிறிய இயந்திரங்களில் சீவி நூற்பது அதன் அடிப்படை. இழைக்கு நேரும் சேதமும் மின்சாரத் தேவையும் குறையும் என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதம். பெரிய ஆலைகளின் விலையுடன் போட்டியிடுவது இத்தகைய சிறு அலகுகளுக்கு எளிதன்று.

மணிக்கு எத்தனை கிலோ என்பது இயந்திரத்தின் திறனைக் காட்டும் ஓர் அளவு மட்டுமே. வெளிவரும் இழையின் நீளம், கழிவில் சேரும் நல்ல பஞ்சின் அளவு, இயந்திரத்தின் அருகில் நிற்பவர் சுவாசிக்கும் காற்று ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதே, ஒரு வடிவமைப்பு உண்மையில் மேம்பட்டதா என்பது தெளிவாகும்.