அச்சுக்குச் செல்லும் கோப்பு

அரசுத் திட்டங்களைப் பற்றிய செய்தி பிழையின்றி அச்சேறுவதும் நிர்வாகப் பணியின் ஒரு கூறாகும். மத்திய அரசின் 17 அச்சகங்களை ஐந்தாக ஒருங்கிணைக்க 2017 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த ஐந்தில் குடியரசுத் தலைவர் மாளிகை, மிண்டோ சாலை, மாயாபுரி ஆகிய மூன்றும் தில்லியைச் சேர்ந்தவை. பல மொழி வெளியீடுகள் உருவாகும் தலைநகரில், தமிழ்ப் பிரசுரம் ஒன்று தமிழறியாத பணியாளர் கையில் அச்சாவது இயல்பே. ஈய எழுத்துக் காலத்தில், அச்சுக் கோப்பவர் கடைசி நேரத்திலும் எழுத்தை மாற்றி வைக்க முடிந்தது. இன்று கணினிக் கோப்பிலிருந்து அச்சுத் தகடு நேரடியாகத் தயாராகிறது. ஆகவே, கோப்பிலுள்ள குறை எல்லாப் படிகளிலும் பதிந்துவிடும்.

முதற்கண் கவனிக்க வேண்டியது எழுத்துரு. ஒருங்குறியில் 'கெ' என்னும் எழுத்து, முதலில் ககரமாகவும் அடுத்துக் கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே நிறுத்துவது மென்பொருளின் வேலை. அவ்வசதியற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழக அரசு 1999இல் ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களில் அமைந்த பழைய கோப்புகளோ, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ் படிக்கத் தெரியாதவர் இவற்றைப் பிழையென அறிதல் அரிது. எனவே, எழுத்துருவை உட்பதித்த பி.டி.எஃப். கோப்பையே அனுப்புதல் வேண்டும். அச்சுப் பணிக்கென 2001 முதல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 15930 தரநிலையும் இதனையே வலியுறுத்துகிறது.

அடுத்தது நிறம். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைப் பயன்படுத்துகிறது. இம்மாற்றத்தைக் கோப்பிலேயே செய்து, விளைவைச் சரிபார்த்தல் நலம். வாசகப் பகுதி கறுப்பு மையில் மட்டும் அமைய வேண்டும். நான்கு மைகளும் கலந்தால், தகடு இம்மி விலகினாலும் சிறு எழுத்துகள் மங்கும். மெய்யெழுத்தின் புள்ளி தெளிவிழக்கும்.

படங்களுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் தேவை. 10 சென்டிமீட்டர் அகலப் படத்திற்கு ஏறத்தாழ 1,180 புள்ளிகள் இருத்தல் வேண்டும். ஏ4 தாளின் அளவு 210 x 297 மில்லிமீட்டர். ஓரம் வரை நிறம் பரவும் பக்கத்தில், வெட்டுக்காக நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூட்டி, 216 x 303 என அமைத்தல் வழக்கம்.

இறுதியாக, தமிழறிந்த ஒருவர் மாதிரிப் படியைப் படித்துக் கையொப்பமிட்ட பின்னரே அச்சு தொடங்க வேண்டும். அதற்குச் சில மணி நேரமே செலவாகும். மறு அச்சுக்கோ தாளும் மையும் இரட்டிப்பாகும். விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்து வந்து சேரும் பிரசுரத்தால் உழவருக்குப் பயனில்லை.