வெயிலுக்கும் சுவருக்கும் நடுவே

கடலோர நகரத்தில் கட்டப்படும் வீட்டுக்கு ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு கடமைகள் உண்டு. வெயிலையும் மழைச்சாரலையும் அது வெளியிலேயே நிறுத்த வேண்டும். அதே வேளையில் காற்றைத் தடையின்றி உள்ளே விடவும் வேண்டும். வறண்ட உள்நாட்டு ஊர்களில் தடித்த சுவரும் சிறிய ஜன்னலும் பகல் வெப்பத்தைப் பெருமளவு தடுத்துவிடும். இரவு குளிர்ந்ததும் வீடும் ஆறிவிடும். சென்னை, மும்பை, கொழும்பு போன்ற ஊர்களில் அந்த வழி போதாது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் இரவிலும் வெப்பம் பெரிதாகத் தணிவதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும் என்பதாலும், ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது என்பதாலும், இவ்வூர்களில் காற்றோட்டம் என்பது வசதி சார்ந்த விஷயம் அன்று. உடல்நலம் சார்ந்த தேவை. மேலே படும் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்ந்தாலே, வெப்பமானியில் மாற்றம் இல்லாவிட்டாலும், உடலுக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், காற்று வரும் திசையும் வெயில் வரும் திசையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மும்பையில் அரபிக்கடல் காற்று மேற்கிலிருந்து வருகிறது. பிற்பகல் வெயிலும் பருவமழையின் சாரலும் அதே பக்கத்திலிருந்துதான் தாக்குகின்றன. ஜன்னலைத் திறந்தால் மூன்றும் வரும், மூடினால் மூன்றும் நிற்கும். இதற்குப் பழைய வீடுகள் கண்ட விடை, வெயிலுக்கும் வசிக்கும் அறைக்கும் நடுவே நிழலான ஓர் இடத்தை வைப்பதாகும். தமிழகத்து வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமும், ஆங்கிலேயர் காலப் பங்களாக்களைச் சுற்றி ஓடிய வராந்தாவும் வெவ்வேறு வாழ்க்கைமுறைகளில் தோன்றியவை என்றாலும், வெயிலைச் சுவரில் படுமுன்பே தடுத்து, காற்றை மட்டும் கடத்திவிடுவது இவை அனைத்தின் பொதுவான பணி. அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தபோது முதலில் காணாமற்போனது இந்த இடைவெளிதான். அதை மீட்டுக் கொண்டுவர முடியுமா என்பதே இன்றைய குடியிருப்புக் கட்டடக்கலையின் முதன்மையான கேள்வியாக இருக்க வேண்டும்.

முடியும் என்பதற்கு மும்பையின் கம்பாலா ஹில் பகுதியில் 1983இல் முடிக்கப்பட்ட காஞ்சன்ஜங்கா குடியிருப்பு உறுதியான சான்று. இதை வடிவமைத்தவர் சார்லஸ் கோரியா (1930–2015). ஏறத்தாழ 21 மீட்டர் பக்க அளவுள்ள சதுரமான அடித்தளத்தில் 84 மீட்டர் உயரத்துக்கு எழும் இந்தக் கோபுரத்தில் 28 தளங்களும், மூன்று முதல் ஆறு படுக்கையறைகள் வரை கொண்ட 32 வீடுகளும் உள்ளன. கடலும் காற்றும் மேற்கில், துறைமுகக் காட்சி கிழக்கில் என்பதால் கோரியா கட்டடத்தைக் கிழக்கு மேற்காகவே திருப்பினார். அப்படித் திருப்பினால் வெயிலும் மழையும் நேராக முகத்தில் அறையும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார். வெயில் குறைந்த திசையைத் தேடிப் போகாமல், அதே திசையில் நின்றபடி பங்களா வராந்தாவை வானளாவிய கட்டடத்துக்குள் ஏற்றியதில்தான் அவருடைய திறமை வெளிப்படுகிறது.

கட்டடத்தின் மூலைகளில் இரண்டு தள உயரத்துக்குத் திறந்த மாடித் தோட்டங்கள் குடையப்பட்டுள்ளன. வீட்டின் கூடமும் அறைகளும் இந்தத் தோட்டத்துக்குப் பின்னே உள்வாங்கி நிற்பதால், மேற்கு வெயில் தோட்டத்தின் தரையிலேயே நின்றுவிடுகிறது. மழைச்சாரலும் அவ்வளவு ஆழம் வந்து சேர்வதில்லை. காற்று மட்டும் நிழலைக் கடந்து உள்ளே வருகிறது. வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அச்சில் அடுக்கப்படாமல், ஒன்றின் அரைத்தளம் மற்றொன்றின் உயரத்துக்குள் புகுந்து பிணையும்படி அமைக்கப்பட்டிருப்பதால்தான் இத்தனை உயரமான திறப்புகளுக்கு இடம் கிடைத்தது. நடுவில் உள்ள கான்கிரீட் தண்டு பெரும் பாரத்தைத் தாங்குவதால் மூலைகளைத் தூண்களின்றி வெறுமையாக விட முடிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அழகிய சிற்பமாகத் தெரியும் அந்த வெட்டுகள் ஒவ்வொன்றும் வெயிலைக் கணக்கிட்டு வைத்தவை. அலங்காரத்துக்காக ஒன்றும் அங்கே சேர்க்கப்படவில்லை என்பதே அதன் அழகுக்குக் காரணம்.

தமிழகத்துக்கு மிக அருகே, காஞ்சன்ஜங்காவுக்கும் நாற்பது ஆண்டுகள் முன்பே, வேறொரு விடை எழுதப்பட்டுவிட்டது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் சாதகர்கள் தங்குவதற்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே என்னும் கட்டடத்தின் பணி 1930களின் பிற்பகுதியில் தொடங்கியது. அப்பணியில் அவருடைய உதவியாளர்களாக ஜார்ஜ் நகஷிமாவும் ஃபிரான்டிஷெக் சாம்மரும் இருந்தனர். அதன் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியவை. கிழக்கும் மேற்கும் குறுகிய சுவர்கள் மட்டுமே. அறைகளுக்குக் கண்ணாடி ஜன்னல்கள் இல்லை. தரையிலிருந்து கூரை வரை கிடைமட்டப் பலகைகள் அடுக்கப்பட்டு, வேண்டிய கோணத்தில் திருப்பிக்கொள்ளும்படி அமைந்துள்ளன. மழையின்போது சரிவாக இறக்கினாலும் காற்று நிற்பதில்லை. அறைக்கும் நடைவழிக்கும் நடுவே உள்ள தேக்குக் கதவும் சட்டங்களுக்கு இடையே காற்று புகும்படியே செய்யப்பட்டிருப்பதால், கதவைச் சாத்தித் தனிமையைக் காத்துக்கொண்டபோதும் ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேறுகிறது. தட்டையான கான்கிரீட் கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளிவிட்டு அடுக்கி, கூரைக்கே ஒரு குடை பிடித்திருக்கிறார்கள். கோரியா நிழலை ஓர் அறையளவு ஆழமாக்கினார் என்றால், ரேமண்ட் அதே பணியை ஒரு பலகை அகலத்துக்குள் முடித்துக்காட்டினார்.

கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு மூன்றாவது வழியைக் காட்டியது. நகரத்து மனையின் நடுவே வீட்டை நிறுத்திச் சுற்றிலும் பயனற்ற சந்துகளை விடும் வழக்கத்தை விட்டுவிட்டு, மனையின் எல்லைவரை அறைகளை நகர்த்தி, மிஞ்சிய வெளியை நடுவே பெரிய முற்றமாகத் திரட்டினார் பாவா. பின்னாளில் அந்த மனை விற்கப்பட்டபோது, வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து, பெந்தோட்டையில் உள்ள பாவாவின் லுனுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் நிறுவும் அளவுக்கு அது மதிக்கப்பட்டது.

இத்தகைய முன்னோடிகள் அருகிலேயே இருக்க, இன்றைய சென்னையின் பெரும்பாலான பிளாட்டுகள் இவற்றிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாமல் கட்டப்படுவது வருந்தத்தக்கது. ஒரு தளத்தில் பல வீடுகளை லிஃப்டைச் சுற்றி அடுக்கும்போது, பல வீடுகளுக்கு ஒரே ஒரு பக்கம்தான் வெளியைப் பார்க்கிறது. நுழையும் காற்றுக்கு வெளியேற வழி இல்லையென்றால் அது நுழைவதே இல்லை. எதிரெதிர்ச் சுவர்களிலோ, குறைந்தது அடுத்தடுத்த சுவர்களிலோ திறப்பு இருந்தால்தான் குறுக்குக் காற்றோட்டம் உண்டாகும். எனவே, பெரிய ஒற்றை ஜன்னல் கொண்ட அறையைவிட இரு சுவர்களில் சிறு ஜன்னல்கள் கொண்ட அறை மேலானது.

பால்கனியின் நிலை இன்னும் மோசம். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டின் உட்பரப்பு என்பதற்குத் தெளிவான வரையறை வகுத்தது. ‘கார்ப்பெட் ஏரியா’ எனப்படும் அந்தக் கணக்கில் உட்சுவர்கள் சேரும். வெளிச்சுவர்களும், தனிப் பயன்பாட்டுக்கான பால்கனியும் திறந்த மாடியும் சேரமாட்டா. வாங்குபவரை ஏமாற்றத்திலிருந்து காக்க வந்த நல்ல சட்டம் இது. ஆயினும் சதுர அடிக் கணக்கிலேயே வீட்டை மதிப்பிடும் சந்தையில், கணக்கில் சேராத பால்கனியை யாரும் பொருட்படுத்துவதில்லை. துணி உலர்த்தும் கொடிக்கு மட்டுமே இடம் தரும் ஒடுங்கிய விளிம்பாக அது சுருங்குகிறது. ஒடுங்கிய விளிம்பு வெயிலைத் தடுக்காது என்பதற்கு எளிய வடிவியலே போதும். சென்னையில் மே மாத மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 33 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது மேற்குச் சுவரில் 2 அடி நீண்ட சன்ஷேட் ஏறத்தாழ ஒன்றேகால் அடி உயரத்துக்குத்தான் நிழல் தரும். 6 அடி ஆழப் பால்கனி 4 அடிக்கு நிழல் தரும். மேற்கு வெயிலை வெல்வதற்கு ஆழம் வேண்டும், அல்லது கோல்கொண்டேயில் உள்ளதுபோல் முகப்பில் பலகைத் தட்டி வேண்டும்.

வீடு கைக்கு வந்தபின், எஞ்சிய அந்த விளிம்பையும் கண்ணாடி போட்டு அடைத்துக் கூடத்தோடு சேர்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இதனால் 40 அல்லது 50 சதுர அடி கூடுகிறது என்று மகிழும் குடும்பம், அதுவரை நிழலில் நின்ற சுவருக்குப் பதிலாக வெயிலில் நிற்கும் கண்ணாடியை வாங்கிக்கொள்கிறது. சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன்மீது படும் சூரிய வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெப்பம் வீட்டுக்குள் வந்தபிறகுதான் அதைத் தடுக்கிறது. அதன் பயன் குறைவு. அதே பணத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால், வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே நின்றுவிடும். உள் அலங்காரத்துக்குப் பல லட்சம் செலவிடும் வீடுகள்கூட இந்தச் சில ஆயிரம் ரூபாய்ச் செலவை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஜன்னலின் வகையும் இதே அளவு கவனத்துக்கு உரியது. இரண்டு கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் யுபிவிசி ஜன்னலில், எவ்வளவு முயன்றாலும் பாதிதான் திறக்கும். பழைய மரஜன்னல்போல் கீலில் வெளிப்புறம் திறக்கும் ஜன்னலில் ஏறத்தாழ 90 விழுக்காடு திறப்பு கிடைக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு, ஜன்னலின் மொத்த அளவை விட்டுவிட்டு, திறக்கக்கூடிய அளவையே கணக்கில் எடுக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் இது வீட்டுத் தரைப்பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. பால்கனிக் கதவும் இதில் சேரும். 900 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடித் திறப்பு வேண்டும். அதை நகரும் ஜன்னலால் மட்டுமே நிறைவேற்ற வேண்டுமானால் 300 சதுர அடி ஜன்னல் வைக்க வேண்டியிருக்கும். வெயில் புகும் பரப்பும் இருமடங்காகும். கொசுவலை, கம்பி, திருட்டு அச்சம் ஆகியவை உண்மையான காரணங்களே. ஆனால் அவை அனைத்துக்கும் கீல் ஜன்னலிலும் தீர்வு உண்டு.

அறையின் உயரத்தை விழுங்கும் ஃபால்ஸ் சீலிங் பற்றியும் சொல்லியாக வேண்டும். வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது ஏறத்தாழ 9 அடி உயரம் வேண்டும் என்றும், குளிர்சாதன அறைக்கு மட்டும் 2.4 மீட்டர் போதும் என்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. பெரும்பாலான பிளாட்டுகள் அந்தக் கீழெல்லையை ஒட்டியே கட்டப்படுகின்றன. அதற்குக் கீழே ஜிப்சம் பலகையும் மறைவிளக்கும் வந்தால், மின்விசிறியின் இறக்கை பலகையை ஒட்டிச் சுழன்று போதிய காற்றை இழுக்க இயலாமல் திணறுகிறது. மின்விசிறி போதாத அறையில் ஏ.சி. கட்டாயமாகிறது. அந்த ஏ.சி.யின் வெளி இயந்திரம், வீட்டிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தான் செலவிட்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து டக்டிலோ அடுத்த வீட்டு ஜன்னலருகிலோ கொட்டுகிறது. அடுத்த வீட்டாரும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏ.சி. வாங்குகிறார்கள். ஏ.சி.யே கூடாது என்பதன்று இங்கே வாதம். நிழலும் காற்றோட்டமும் உள்ள வீட்டில் அது மே மாதத்துச் சில மணி நேரத் துணையாக இருக்கும். அவை இல்லாத வீட்டில் ஆண்டு முழுவதும் செலவு வைக்கும்.

மேல்தள வீட்டுக்குக் கூரையே ஐந்தாவது சுவர். ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை மாலையிலும் முன்னிரவிலும் படுக்கையறைக்குள் இறக்குகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய முறையோடு, மேலே வெள்ளை ஓடோ வெள்ளைப் பூச்சோ சேர்த்தால் வெப்பத்தின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். ஆண்டுதோறும் தூசியைக் கழுவி வெண்மையைக் காக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இவையெல்லாம் பணம் படைத்தவர்களுக்கே என்னும் மறுப்பு எழக்கூடும். காஞ்சன்ஜங்கா செல்வந்தர்களுக்காகக் கட்டப்பட்டதே. ஆனால் அதே கோரியா, 1960களின் தொடக்கத்தில் குறைந்த செலவு வீடுகளுக்காக அகமதாபாத்தில் ‘டியூப் ஹவுஸ்’ என்னும் ஒடுங்கிய நீள வீட்டைக் கட்டினார். சரிவான கூரையின் உச்சியில் விட்ட திறப்பு வழியே வெப்பக்காற்று மேலேறி வெளியேற, கீழிருந்து புதுக்காற்று உள்ளே வந்தது. கேரளத்தில் லாரி பேக்கர், செங்கற்களை நெடுக்குவாட்டில் நிறுத்திச் சுவருக்குள் வெற்றிடம் விடும் ‘ராட் டிராப்’ கட்டுமுறையால் ஏறத்தாழ கால் பங்குச் செங்கல்லை மிச்சப்படுத்திக்கொண்டே வெப்பத்தையும் தடுத்தார். சிக்கனமும் குளிர்ச்சியும் ஒன்றோடொன்று பகையல்ல என்பதை இவ்விருவரும் கட்டியே நிறுவினர்.

ஆதலால் வீடு வாங்கப் போகிறவர்கள், மாதிரி வீட்டின் விளக்குகளையும் மாடுலர் கிச்சனின் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். மேற்குச் சுவரில் எந்த அறை இருக்கிறது, எதிர்ச்சுவரில் திறப்பு உண்டா, ஜன்னலில் எத்தனை சதுர அடி உண்மையில் திறக்கும், பால்கனி எத்தனை அடி ஆழம் என்று கேட்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கேட்டால்தான் பில்டர்கள் இவற்றுக்கு விடை தேடுவார்கள்.