இரு ஜயந்திகளும் ஒரு வாதமும்

பெரியோரின் ஜயந்தியைக் கொண்டாடுவது எளிது. அவர்களை உள்ளபடி நினைவு கூர்வதே அரிது. படத்திற்கு மாலை சூட்டுகிறோம்; நால்வர் பேசுகின்றனர்; நாற்பதின்மர் கை கொட்டுகின்றனர். அப்பெரியார் எதன் பொருட்டுப் போராடினார், யாருடன் மாறுபட்டார், எவ்விடத்துப் பிழைபட்டார் என்று மறுநாள் வினவினால் விடையிறுப்போர் மிகச் சிலரே.

புதுக்கோட்டைச் சீமைக்கு இவ்வகையில் ஆடியும் ஆவணியும் சிறந்த மாதங்கள். 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் பிறந்தார். 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் தேதி திருமயத்தில் ஸ்ரீ சத்தியமூர்த்தி பிறந்தார். ஒரே சமஸ்தானத்தில், ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில் தோன்றிய இருவரும் மன்னர் கல்லூரியிலேயே பயின்றனர். பின்னர் ஒரே சட்டசபையில் எதிரெதிரே நின்று வாதாடினர். இருவர் ஜயந்திக் கூட்டங்களுக்கும் நான் சென்றதுண்டு. அந்த வாதத்தைப் பற்றி எவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அதனாலேயே இதனை எழுதலாயிற்று.

அம்மையாரின் தந்தையார் கல்லூரித் தலைவராய் விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று ஆட்சேபம் எழுந்தபோது, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார். அங்ஙனம் திறந்த கதவின் வழியே சென்ற பெண்மணி 1912ஆம் ஆண்டு சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் அங்கம் பெற்று, அதன் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஸ்ரீ சத்தியமூர்த்தியின் பெருமையைத் தேசபக்தர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர் எழுந்து நின்றால் சர்க்கார் தரப்பினர் நடுங்குவர். காமராஜர் என்னும் தலைவரைத் தமிழ்நாட்டிற்கு உருவாக்கித் தந்தவர் அவரே. சென்னை மேயராக இருந்த காலத்தில் நகரத்தின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு வழி கோலினார். அது 1944ஆம் ஆண்டில் நிறைவெய்தியபோது அவர் இல்லை. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை புகுந்து, உடல் நலிந்து, 1943ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் தேதி உயிர் நீத்தார். தேசத்திற்காக இதனினும் அதிகமாக ஒருவர் கொடுக்க முடியாது.

இத்தகைய இருவரும் மாறுபட்ட விஷயம் யாது? இளம் பெண் மகவுகளைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று 1927ஆம் ஆண்டு அம்மையார் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். காந்தியடிகள் அம்முயற்சியை ஆதரித்து எழுதினார். ஆனால் ஸ்ரீ சத்தியமூர்த்தி எதிர்த்தார். சமய வழக்கங்களில் சட்டம் தலையிடலாகாது என்பதும், கோவிலைச் சார்ந்து வளர்ந்த கலை அழிந்துபடும் என்பதும் அவர் பக்கத்து வாதங்கள். எதிர்த்தவர் அவர் ஒருவரல்லர்; அம்மரபிற் பிறந்த பெண்டிரிலேயே பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலானோரும் எதிர்த்தனர்.

இதில் நம் தீர்ப்பு யாது என்று கேட்கலாம். மழுப்பாது கூறுவோம்: நியாயம் அம்மையார் பக்கமே இருந்தது. தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் வயது வாராத சிறுமியின் கழுத்தில் கட்டப்படும் பொட்டைச் சமயத்தின் பேரால் காத்தல் இயலாது. அந்நியனிடம் சுதந்திரம் கேட்கும் நா, வீட்டிலுள்ள பெண் மகவின் சுதந்திரத்தை மறுத்துப் பேசுதல் பொருந்தாது. சத்தியமூர்த்தியின் தியாகம் மெய். இவ்விஷயத்தில் அவர் கொண்ட பிழையும் மெய். ஒன்றைச் சொல்வதால் மற்றொன்று குறைந்து விடாது.

அவர் அஞ்சியதில் சிறிதும் உண்மையில்லையென்று கூறவும் நாம் துணியோம். கலை அழியவில்லை, சங்கீத சபைகளின் மேடையேறி உலகப் புகழ் பெற்றது. ஆயின் தலைமுறை தலைமுறையாக அதனைப் பேணி வந்த குலத்துப் பெண்டிர் பலர் அம்மேடையினின்று அகன்று மறைந்தனர். அவர்களுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

வாதம் நிகழ்ந்த பின் வந்த 1930ஆம் ஆண்டைக் கவனியுங்கள். உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானதும், அம்மையார் தம் மசோதா நிறைவேறாது நிற்கையிலேயே சட்டசபைப் பதவியை ராஜிநாமாச் செய்தார். அதே ஆண்டில் ஸ்ரீ சத்தியமூர்த்தி, திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோவிலின்மீது தேசியக் கொடி ஏற்ற முயன்று கைதானார். சபையில் எதிரிகளாய் நின்றவர்கள் தேசத்தின் அழைப்பு வந்தபோது ஒரே திசையில் நடந்தனர். கருத்து வேற்றுமையைப் பகையாக்கிப் பழகிவிட்ட இக்காலத்தவர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமா?

பதவியைத் துறந்த அம்மையார் பணியைத் துறக்கவில்லை. கதியற்ற பெண்களுக்காக அதே ஆண்டில் அவ்வை இல்லம் தோன்றிற்று. பொட்டுக்கட்டுத் தடுப்புச் சட்டம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையின் காலத்தில், 1947ஆம் ஆண்டு நிறைவேறிற்று. இருபது ஆண்டு காத்திருந்து அதைக் கண்ணாரக் கண்டார். புற்றுநோய்க்கு உடன்பிறந்தாளை இழந்தவர், 1954ஆம் ஆண்டு அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஒரு வைத்தியசாலையைத் தொடங்கி வைத்தார். இன்று தேசமெங்கிலுமிருந்து ஏழைகள் அதன் வாயிலுக்கு வருகின்றனர்.

புதுக்கோட்டை இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. ஜூலை 30க்கும் ஆகஸ்டு 19க்கும் இடையே ஒரு நாள் இருவர் படத்தையும் ஒரே மேடையில் வையுங்கள். அன்றைய சட்டசபை நடவடிக்கைகளைப் படித்து, இரு தரப்பையும் எடுத்துரைத்து, சபையோரே தீர்ப்புக் கூறட்டும். சிறுமியின் நலமும் பழவழக்கமும் முட்டிக்கொள்ளும் சமயம் இன்றும் நம் ஊர்களில் நேர்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் பேசுவோர் இன்னும் இருக்கின்றனர். அவ்வேளையில் நாம் எப்பக்கம் நிற்போம் என்பதை முடிவு செய்யாத ஜயந்தி, மாலை வாங்கிய பணத்திற்கும் பெறாது.