ஏறின கியரில்தான் இறங்கணும்!

அவலூர்பேட்டை வட்டாரத்தில் பிக்கப் வண்டி இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. நெல் மூட்டையும் மணிலா மூட்டையும் செஞ்சி கமிட்டிக்குப் போகவேண்டும். சந்தைக்கு ஆடு ஏற்றவேண்டும். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம், பந்தல் சாமான் இறக்கவேண்டும். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது ஜனங்கள் அதற்கு ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு தோஸ்த், பொலிரோ பிக்கப் என்று யானைகள் வளர்ந்துகொண்டே போயின.

இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு விசித்திரமான நிலைமை. எந்தத் திசையில் பார்த்தாலும் குன்று தெரியும். ஆனால் வண்டி ஓட்டுவதெல்லாம் சமவெளியில்தான். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக்குக்கூடப் படியேறித்தான் போகமுடியும். திடீரென்று ஒருநாள் வாடகை வருகிறது. போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு, ஜமுனாமரத்தூரிலிருந்து சாமையோ புளியோ ஏற்றிவர. அல்லது ஏற்காட்டுக்கு, சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்னும் தள்ளி கொல்லிமலை என்றால் 70.

லைசென்ஸ் இதற்குத் தடையில்லை. எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. லைசென்ஸ் தேர்வில் மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் வண்டியை எடுத்துக் காட்டச் சொல்வார்கள். பாரத்தோடு 20 வளைவு இறங்கிக் காட்டச் சொல்வதில்லை. ஆபத்து இருப்பதோ இறக்கத்தில்.

ஏறும்போது வண்டி திணறும், உறுமும், ரேடியேட்டர் சூடாகும். எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். இறங்கும்போது எல்லாம் சுகமாக இருக்கும். அதுதான் வம்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாரத்தோடு 3 டன் எடையுள்ள பிக்கப், ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது. அந்த உயரத்தில் இருந்த ஆற்றல் எங்காவது போயாகவேண்டும். எல்லாவற்றையும் பிரேக்கே தாங்கினால், ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு சூடு நான்கு சக்கரங்களின் பிரேக்கில் இறங்கும்.

சூடேறிய லைனிங் முதலில் பிடிப்பை இழக்கிறது. கருகல் நாற்றம் வரும். பிறகு பிரேக் ஆயில். சாதாரண டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், சக்கரம் நிற்காது. சமவெளியில் அந்த ஆயிலை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள், ஒன்றும் ஆகியிருக்காது. மலைக்கு வாடகை பேசுமுன் ஆயிலை மாற்ற ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை.

பழைய டிரைவர்கள் சொல்லும் வைத்தியம் எளிது: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. அப்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்குக்கு வளைவுகளில் மட்டும்தான் வேலை. நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இன்றைய டீசல் வண்டிகளில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் டீசல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து இறங்குவது இன்னும் மோசம். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

பாரத்திலும் விஷயம் இருக்கிறது. கனமான மூட்டைகள் கேபினை ஒட்டி, தாழ்வாக இருக்கவேண்டும். பின்னால் குவிந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும். இந்தக் கணக்குக்கு அடங்காத சரக்கு ஒன்றுண்டு: மனிதர்கள். மூட்டை படுத்திருக்கும், ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள். வண்டியின் பாரம் உயரே போய்விடும். வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள்.

2022 ஏப்ரல் 2, தெலுங்கு வருடப் பிறப்பு. திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையின் புலியூரிலிருந்து சேம்பரை ஆஞ்சநேயர் கோயிலுக்குச் சரக்கு வேனில் புறப்பட்டவர்கள் பள்ளத்தில் கவிழ்ந்தார்கள். 11 பேர் இறந்தார்கள், பெண்களே அதிகம். கோயிலுக்கு, மொட்டையடிக்க, காது குத்த என்று பிக்கப்பில் தார்ப்பாய் விரித்து ஏறாத கிராமம் தமிழ்நாட்டில் எது? பஸ் போகாத இடத்துக்கு வேறு வழி என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதையும் தெரிந்துகொண்டு ஏறவேண்டும்: சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கோடு வரும் அதன் சொந்தக்காரருக்கோ அவருடைய ஆளுக்கோ மட்டும் 1994 சட்டத் திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. மற்றவர்களுக்கான பணம் பெரும்பாலும் வண்டிக்காரர் தலையில் விழும். தவணை கட்டி முடியாத வண்டியை வைத்திருப்பவர் எங்கே போவார்?

மலையில் இன்னொரு சட்டமும் உண்டு. குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிறவர் ஓரமாக நின்று வழிவிடவேண்டும். ஏற்றத்தில் ஓட்டம் விட்டுப்போனால் மறுபடி எடுப்பது பெரும்பாடு.

கருகல் நாற்றம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, தானாக ஆறவிடவேண்டும். தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடலாம். நிறுத்தும்போது ஏற்றமானால் முதல் கியர், இறக்கமானால் ரிவர்ஸ் கியர். கூடவே சக்கரத்துக்குக் கட்டை. மேல்மலையனூர் தேரோட்டம் பார்த்தவர்களுக்குக் கட்டையின் மகிமை புரியும்: அத்தனை பெரிய தேரை, சக்கரத்தடியில் ஒருவர் குனிந்து செருகும் மரத்துண்டுதான் நிறுத்துகிறது. மலைக்குப் போகும் பிக்கப்பில் அதுபோல இரண்டு துண்டுகள், சீட்டுக்கு அடியில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.