கஞ்சாவுக்கு மசியாத குதிரை

ஆவடிக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில் வந்தது. அதன் எல்லைக்குள் வரும் அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்களுக்குக் கஞ்சா என்றால் குற்றச் செய்தி. ரயிலில் சிக்கிய மூட்டை, கைதான இளைஞர்கள், வழக்கு எண். அதே செடியைக் குதிரைக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் இந்திய மண்ணிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பது அந்தச் செய்திகளில் வராது.

அவர் பெயர் வில்லியம் புரூக் ஓஷானசி. அயர்லாந்துக்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். பிற்பாடு இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவரும் இவர்தான். கஞ்சாவை மேற்கத்திய மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்திய அவருடைய ஆய்வுரை 1839-இல் வந்தது. மனிதருக்குக் கொடுப்பதற்கு முன் விலங்குகளிடம் சோதித்தார். நாய், பூனை, பன்றி, கழுகு, காகம் எல்லாவற்றுக்கும் சீக்கிரமே போதை ஏறியது. மீனுக்கும் ஏறியது. குதிரை, மான், ஆடு, மாடு மட்டும் எவ்வளவு கொடுத்தும் பெரிதாக அசையவில்லை. குரங்கையும் அவர் இந்த இரண்டாம் கூட்டத்தில்தான் சேர்த்திருக்கிறார். அது கொஞ்சம் வேடிக்கையான பட்டியல்தான்.

குதிரையின் உடம்பில் கஞ்சா பற்றிக்கொள்ள இடமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கஞ்சாவின் மூலக்கூறுகள் எண்ணெயில் கரைபவை. குதிரையின் வாய்வழி போனால் மிகக் குறைவாகவே ரத்தத்தில் சேரும். நாய்க்கோ சிறுமூளையில் அந்த மூலக்கூறு ஒட்டும் இடங்கள் மிக நெருக்கமாக உள்ளன. அதனால்தான் அது தள்ளாடுகிறது.

ஒட்டும் இடங்கள் என்றேனே, அவற்றை ஏற்பிகள் என்போம். செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் இவை. போதை தரும் டிஎச்சி என்ற பொருளை இஸ்ரேலின் ரஃபேல் மெச்சூலமும் யெக்கியேல் கவோனியும் 1964-இல் பிரித்தெடுத்தார்கள். அது எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. சிபி-1 என்ற ஏற்பியின் மரபணுவை அமெரிக்காவில் லிசா மட்சுடாவின் குழு 1990-இல் அடையாளம் கண்டது. சிபி-2 ஏற்பியை 1993-இல் கேம்பிரிட்ஜில் ஷான் மன்ரோ கண்டார். முதலாவது மூளைக்கு, இரண்டாவது நோய் எதிர்ப்புச் செல்களுக்கு என்றுதான் வெகுகாலம் பாடம் நடந்தது.

ஒரு செடிக்காக விலங்குகள் ஏற்பி வளர்த்து வைத்திருக்குமா என்ன? இடையில், 1992-இல், பன்றி மூளையிலிருந்து ஆனந்தமைடு என்ற பொருள் கிடைத்தது. தேவைப்படும்போது தன் சவ்வின் கொழுப்பிலிருந்து செல் இதைத் தயாரிக்கும். வேலை முடிந்ததும் சிதைத்துவிடும். வலி, அழற்சி, பசி எல்லாம் வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு முதுகெலும்புள்ள விலங்குகளில் பரவலாக உண்டு. கஞ்சாச் செடியின் பொருள் அந்த வீட்டுப் பூட்டுக்குத் தற்செயலாகப் பொருந்திப்போன கள்ளச்சாவி, அவ்வளவே.

இந்த ஏற்பிகள் மூளையோடு நின்றுவிடவில்லை. அரிப்பெடுக்கும் தோலுக்கு வருவோம். நாயின் தோலில் இந்த ஏற்பிகள் இருப்பதை, ஒவ்வாமைத் தோல்நோய் உள்ள நாய்களையும் சேர்த்துப் பார்த்து, இத்தாலிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். குதிரையின் முறை வர 2022 ஆனது. சிபி-1, சிபி-2 இரண்டும் குதிரைத் தோலில் இருப்பதைப் போலந்து ஆய்வாளர்கள் செல் அளவில் காட்டினார்கள். அதற்குச் சற்று முன் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகக் குழு, தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் சேதி கொண்டுபோகும் குதிரை நரம்பு முடிச்சுகளில் இதே ஏற்பிகளைக் கண்டிருந்தது. ஆக, அரிப்பு தொடங்கும் இடத்திலும் அது பயணப்படும் பாதையிலும் ஆனந்தமைடுக்கு வேலை இருக்கிறது.

குதிரைத் தோல் சாதாரணத் தோலல்ல. ஓர் ஈ உட்கார்ந்தால் போதும், அந்த இடம் மட்டும் வெட்டென்று துடிக்கும். தோலுக்கு அடியில் அதற்கென்றே ஒரு தசை விரிப்பு இருக்கிறது. கல்யாண ஊர்வலத்தில் சாரட் வண்டி இழுக்கும் குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்.

பொலோனியா குழு நரம்பு முடிச்சுகளில் தேடியவற்றுள் டிஆர்பிவி-1 என்ற இன்னொரு ஏற்பியும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மிளகாயின் காரம் பிடிக்கும் ஏற்பி அதுதான். ஆனந்தமைடும், கஞ்சாவின் போதையற்ற பொருளான சிபிடியும்கூட அதில் ஒட்டும். மிளகாயின் கேப்சைசினைப் பூசினால் முதலில் எரியும். தொடர்ந்து பூசினால் நரம்பு மரத்து வலி அடங்கும். இரண்டுமே குதிரைப் போட்டி மோசடிக்கு உதவும். வலியை மறைத்து ஓட்டலாம். அல்லது கால் தோலை எரிய வைத்து, தடைக் கம்பில் உரசப் பயந்து உயரமாகத் தாவச் செய்யலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. தடை தாண்டலில் நான்கு குதிரைகளின் சோதனையில் கேப்சைசின் அகப்பட்டது. நார்வே அணி வென்ற வெண்கலத்தைப் பிற்பாடு திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. சமையலறை மிளகாய் ஒலிம்பிக் பதக்கத்தைப் பறித்த கதை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, சென்னையின் மேற்குப் பக்கத்தில் குதிரை வைத்திருப்பவருக்கு இதனால் என்ன? அங்கே அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். ஏரிக்கரைச் சேறும் மாட்டுத் தொழுவத்தின் ஈரச் சாணமும் கியூலிகாய்ட்ஸ் என்ற பொடிப் பூச்சிக்குப் பிறந்த வீடு. நீளம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் புகுந்துவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தமிழகத்துச் செம்மறிகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்த இனம்தான்.

குதிரையைக் கடிக்கும்போது இந்தப் பூச்சியின் எச்சில் புரதங்கள் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. பிடரியும் வாலின் அடிப்பகுதியும் தினவெடுக்கும். குதிரை சுவரிலும் கம்பத்திலும் தேய்த்துத் தேய்த்து மயிரை உதிர்த்து, தோலைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஐஸ்லாந்தில் பிறந்து ஐரோப்பாவுக்கு விற்கப்படும் குதிரைகளை இது மிகக் கடுமையாகத் தாக்குவது பிரசித்தம். குட்டியாக இருக்கையில் இந்தப் பூச்சியைப் பார்த்தே இராத குதிரைகள் அவை.

மாஸ்ட் செல்லை அடக்குவதில்தான் கஞ்சா ஏற்பிகளின் சுற்றத்தார் கவனம் ஈர்க்கிறார்கள். ஆனந்தமைடின் நெருங்கிய உறவுப் பொருள் ஒன்று, சுருக்கமாகப் பிஇஏ, 1957-இலேயே முட்டை மஞ்சள் கரு, சோயா, கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மாஸ்ட் செல்களின் வெடிப்பை அது தணிக்கிறது என்று 1993-இல் காட்டிய குழுவில் நோபல் பரிசு பெற்ற ரீட்டா லெவி-மொன்டால்சினியும் இருந்தார். பிஇஏ சிபி ஏற்பிகளில் நேரடியாக ஒட்டுவதில்லை. வேறு வாசல் வழியாகப் போய் அதே வேலையைச் செய்கிறது. இதைப் படித்துவிட்டுக் குதிரைக்குப் பிண்ணாக்கை அள்ளி வைக்காதீர்கள். அதிலுள்ள அளவு மருந்துக்குப் போதாது. குதிரைக்கு வயிற்றுவலிதான் மிஞ்சும்.

சிபிடி எண்ணெய்க்காரர்கள் இந்த ஏற்பிக் கண்டுபிடிப்புகளை விளம்பரத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. தொட்டாலே துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குதிரை, பல மருந்துகளுக்கும் அடங்காமல், சிபிடிக்கு அடங்கியதாக அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து ஒரு மருத்துவக் குறிப்பு வந்திருக்கிறது. நல்ல செய்தி, ஆனால் ஒரே ஒரு குதிரை. தோலில் ஏற்பி இருக்கிறது என்பதற்கும் மேலே தடவும் எண்ணெய் அதுவரை இறங்கி, வேண்டிய அளவு சேர்ந்து, அரிப்பை நிறுத்தும் என்பதற்கும் நடுவே நெடுந்தூரம். போட்டிக் குதிரை என்றால் பேச்சே இல்லை. சிபிடி, டிஎச்சி இரண்டும் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் தடைப் பட்டியலில் உள்ளன. இங்கே 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவின் பூங்கொத்தைத் தடுக்கிறது. தனியாக உள்ள இலையையும் விதையையும் கஞ்சா என்று கணக்கில் எடுப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் கடைகளில் பாட்டில்கள் நிற்கின்றன.

அரிப்பெடுத்த குதிரையை 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவது நல்லது. பூஞ்சையா, உண்ணியா, பூச்சிக்கடியா என்று அங்கே பிரித்துப் பார்த்துச் சொல்வார்கள். பூச்சிக்கடிதான் என்றால் முதல் வைத்தியம் லாயத்திலேயே இருக்கிறது. இந்தப் பூச்சி அந்தியிலும் விடியலிலும்தான் அதிகம் கடிக்கும். பொழுது சாய்வதற்குள் குதிரையை உள்ளே கட்டிவிட வேண்டும். சாணத்தை ஈரமாகக் குவித்து வைக்கக் கூடாது. காற்றை எதிர்த்துப் பறக்க இதற்குத் தெம்பு கிடையாது என்பதால், ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேனைக் குதிரையின் பக்கம் திருப்பி இரவு முழுக்க ஓடவிட்டாலே கடி பெருமளவு குறையும். மின்கட்டணம் சிபிடி பாட்டில் விலையைத் தொடாது.