பூட்டுக்குள் இருக்கும் சாவி

ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் முழுக்குப் போட்டு எழுந்த பெரியப்பா, முதலில் தொட்டுப் பார்த்தது இடுப்பு மடிப்பைத்தான். சாவிக்கொத்தைக் காணவில்லை. புதுவெள்ளம் ஓடும் காவிரியில் எங்கே போய்த் தேடுவது? வீட்டுக்கு இன்னொரு சாவி பெரியம்மாவிடம் இருந்தது. திருச்சி எடமலைப்பட்டி புதூரில் வீட்டு வாசலில் நிற்கும் பழைய மாருதி 800க்கு அந்த ஒரு சாவிதான்.

மறுநாள் காலையில் தெருவே கூடி யோசனை சொன்னது. ஒருவர் இரும்பு ஸ்கேல் எடுத்து வந்தார். இன்னொருவர், கண்ணாடியை உடைத்துவிடலாம் என்றார். பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் பெரியப்பா. இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெயின்கார்டு கேட் பக்கம் நடைபாதையில் உட்காரும் சாவிக்காரர் ஒருவரை ஆட்டோவில் அழைத்து வந்தார். அவரிடம் இருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு மெழுகுவத்தி, நாலைந்து அரம், ஒரு கொத்து வெட்டாத சாவி. முக்கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆற்றோடு போன சாவியை அவர் எங்கிருந்து கொண்டுவந்தார்? பூட்டுக்குள்ளிருந்துதான். சாவி தொலைந்தாலும் அதன் அளவு முழுவதும் பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த கை வேண்டும், அவ்வளவுதான்.

தகடுகள் சொல்லும் எண்

பழைய காரின் கதவுப் பூட்டைப் பிரித்தால், விரல் கனத்தில் ஓர் உருளை கிடைக்கும். அது ஒரு கூட்டுக்குள் சுழல வேண்டும். உருளையின் குறுக்கே மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாகச் செருகியிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு குட்டி ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சாவி இல்லாதபோது தகடுகளின் நுனி கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்வதால் உருளை அசையாது.

தகடு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை உண்டு. சாவி அந்தத் துளைகளின் வழியாகத்தான் உள்ளே போகிறது. துளை இருக்கும் உயரம் தகட்டுக்குத் தகடு மாறும். அந்த உயரங்களுக்கு ஏற்பச் சாவியில் மேடும் பள்ளமும் வெட்டியிருந்தால், எல்லாத் தகடுகளும் ஒரே நேரத்தில் உருளையின் விளிம்புக்குள் அடங்கிவிடும்; உருளை சுழலும். பல கார்ச் சாவிகளில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். ஒரே ஒரு தகடு அந்த அரை மில்லிமீட்டர் ஏறி நின்றாலும் கதவு திறக்காது.

ஆக, சாவி என்பது உலோகத்தில் எழுதிய ஓர் எண். மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு, இரண்டு, மூன்று என்பதுபோல. ஆறு தகடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரம் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 4,096 வகைச் சாவிகள் செய்யலாம். லட்சக்கணக்கில் வண்டி விற்கும்போது ஒரே சாவி பல வண்டிகளுக்குப் பொருந்தத்தான் செய்யும். போதாததற்குத் தேய்மானம் வேறு. இருபது வருடம் சாவி போய் வந்த பூட்டில் தகடுகளின் ஓரம் மழுங்கிவிடும். கொஞ்சம் தப்பான சாவியையும் அது ஏற்றுக்கொள்ளும். ஓர் அம்பாசிடரின் சாவி ஸ்டாண்டில் நிற்கும் இன்னோர் அம்பாசிடரையும் திறக்கும் என்று பழைய டிரைவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மேடு பள்ளத்தால் எண் எழுதும் யோசனை மிகப் பழையது. பண்டைய எகிப்தில் மரக்கட்டைப் பூட்டுகளிலேயே, விழுந்து தடுக்கும் மர ஊசிகளும் அவற்றைத் தூக்கிவிடும் மரச்சாவியும் இருந்தன. அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1861இலும் 1865இலும் பெற்ற காப்புரிமைகள், அதே யோசனையைச் சட்டைப்பைக்குள் அடங்கும் தட்டைச் சாவியாக்கின. திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் இருக்கும் திண்டுக்கல்லில் இதே வேலையை லீவர்களை வைத்துக் கையாலேயே செய்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமை, ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதுதான். காரின் பூட்டும் கோயில் கதவின் பூட்டும் பார்வைக்கு எவ்வளவு வேறுபட்டாலும், உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றே.

புகையும் அரமும்

சாவிக்காரர் செய்ததை ஓர் அடி தூரத்தில் நின்று பார்த்தேன். வெட்டாத பித்தளைச் சாவி ஒன்றை எடுத்து, முதுகை மெல்லிய அரத்தால் இழைத்து, மெழுகுவத்திப் புகையில் காட்டினார். சாவி கறுத்தது. அதைப் பூட்டில் நுழைத்து, இடமும் வலமுமாக லேசாக அழுத்தம் கொடுத்தார். வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தார். கரிப்பூச்சின் மேல் கடுகைவிடச் சிறிய மினுமினுப்பு இரண்டு இடத்தில் தெரிந்தது.

அந்தப் புள்ளிகள்தான் பூட்டின் பேச்சு. திருப்ப முயலும்போது, சரியான உயரத்துக்கு வராத தகடு உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே இறுகிக்கொள்ளும். இறுகிய தகடு சாவியின் மேல் உரசி அடையாளம் வைக்கும். சரியான உயரத்துக்கு வந்துவிட்ட தகடு தளர்வாக இருப்பதால் அடையாளம் வைக்காது. எந்த இடத்தில் மினுமினுப்பு இருக்கிறதோ அங்கே மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி பூட்டு. ஓரிடத்தில் புள்ளி வருவது நின்றால் அந்த இடத்தின் எண் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஓர் இழுப்பு கூடிவிட்டால் சாவி வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கண் பார்ப்பது பாதிதான். பூட்டு எங்கே இறுகுகிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்பதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் சொல்கின்றன. மனித விரலின் உணர்வு எவ்வளவு நுட்பமானது என்பதை ஸ்வீடன் நாட்டு கேடிஎச் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2013இல் அளந்து காட்டினார்கள். விரலை நகர்த்தித் தடவும்போது, 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகளைக்கூட வழுவழுப்பான பரப்பிலிருந்து பிரித்தறிய முடிந்தது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு அது. நம் எல்லோருக்கும் இருக்கும் அந்த விரலைத்தான் சாவிக்காரர் வருடக்கணக்கில் பழக்கி வைத்திருக்கிறார்.

"முப்பது வருஷம் அரம் புடிச்சவன் நான். இது வேற கை," என்றார் பெரியப்பா, என் காதோடு.

ஸ்கேலை ஏன் வேண்டாம் என்றார்?

பூட்டின் பின்முனையில் ஒரு சிறிய கரம் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கதவின் உட்புறமாக ஓடி, கதவோரத்துக் கொக்கியில் முடியும். சாவி திரும்பினால் கரம் திரும்பும், கம்பி இழுபடும், கொக்கி விடுபடும். கம்பியை இழுத்தது சாவியா வேறொன்றா என்று கொக்கிக்குத் தெரியாது. பழைய கார்களின் பலவீனம் அங்கேதான் இருந்தது. ஜன்னல் ஓரமாக ஸ்கேலை விடும் வித்தையும் அதிலிருந்துதான் வந்தது.

கைப்பழக்கம் இல்லாதவர் ஸ்கேலை விட்டால் ரப்பர் பீடிங் கிழியும், கம்பி கிளிப்பிலிருந்து கழன்றுவிடும். அதற்குப் பிறகு சரியான சாவி இருந்தாலும் கதவு திறக்காது. பவர் விண்டோ வந்த பிறகு கதவுக்குள் ஒயர்களும் ஓடுகின்றன. இப்போதைய வண்டிகளில் கம்பியும் கொக்கியும் ஸ்கேலுக்கு எட்டாதபடி மறைக்கப்பட்டிருக்கின்றன.

கண்ணாடியை உடைக்க வேண்டிய நேரம்

கண்ணாடியை உடைக்கலாம் என்ற யோசனையைப் பெரியப்பா மறுத்தது சரி. ஆனால் யோசிக்காமல் உடைத்தே ஆக வேண்டிய நேரம் ஒன்று உண்டு: உள்ளே ஒரு குழந்தை மாட்டிக்கொண்டிருக்கும்போது.

2005இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பத்தை அளந்து வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய பலன் இல்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025 மே மாதம் ஆந்திரத்தின் விஜயநகரம் அருகே துவாரபுடி கிராமத்தில், விளையாடப் போய்க் காருக்குள் ஏறிய நான்கு குழந்தைகள் கதவு பூட்டிக்கொண்டதால் உயிரிழந்தார்கள். பெரிய ஆளின் உடலைவிடக் குழந்தையின் உடல் மிக வேகமாகச் சூடேறும். அந்த நேரத்தில் சாவிக்காரருக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒருவர் 112க்குப் பேசட்டும், இன்னொருவர் கண்ணாடியை உடைக்கட்டும்.

எந்தக் கண்ணாடியை? முன்கண்ணாடியை அல்ல. அது இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது; விரிசல் விடுமே தவிர வழி விடாது. பழைய வண்டிகளின் பக்கவாட்டு ஜன்னல் வேறு வகை. அந்தக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சித் திடீரென்று குளிர்விப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். பிறகு குளிரும் நடுப்பகுதி சுருங்கி அந்தத் தோலை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இப்படி இழுத்துக் கட்டிய கண்ணாடி கையால் குத்தினால் தாங்கும். ஆனால் கூர்மையான முனை ஒன்று தோலைத் துளைத்துவிட்டால், அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே நொடியில் விடுபட்டு, கண்ணாடி கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிரும். அதனால் குழந்தைக்குத் தள்ளி இருக்கும் ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, கூரான இரும்பால் அதன் மூலையில் அடிக்க வேண்டும். நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்துகொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும்.

சிப் வந்த பிறகு

அரத்தால் வாசிக்க முடிந்த எண் இப்போது வேறோர் இடத்துக்குப் போய்விட்டது. 1990களில் ஐரோப்பியக் கார்களின் சாவித் தலைக்குள் அரிசி அளவு சிப் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதில் பேட்டரி கிடையாது. சாவி நுழையும் இடத்தைச் சுற்றிய கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. கார் ஓர் எண்ணைச் சொல்லும். சிப் தன் ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். விடை தவறினால் இன்ஜின் ஓடாது. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான கார்த் திருட்டுக் கணக்கை ஆராய்ந்தவர்கள், இந்த ஏற்பாட்டால் திருட்டு சுமார் 40 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள்.

அதுவும் முடிவான பூட்டு அல்ல. பரவலாக இருந்த ஒரு சிப்பின் ரகசியம் 40 பிட் நீளம், ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி வகைகள். 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்து அதை உடைத்துக் காட்டின. 4,096 ஆனாலும் லட்சம் கோடி ஆனாலும், பூட்டு நமக்குத் தருவது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பூட்டுக் கலையின் வரலாறு.

நடைபாதைச் சாவிக்காரர்களில் சிலர் இப்போது அரத்தோடு சிப்புக்கு எழுதும் கருவியும் வைத்திருக்கிறார்கள். கருவி வாங்க வசதியில்லாதவர்களின் பிழைப்பு, சாலையில் மிச்சமிருக்கும் பழைய வண்டிகளோடு சேர்ந்து குறைந்துகொண்டே வருகிறது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையால் கொடுத்தார். 2014இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றது. அம்பாசிடரும் அதே ஆண்டில் நின்றது. அந்த வண்டிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் இரண்டு காரியத்தை இந்த வாரமே செய்துவிடலாம். சாவியிலோ அதோடு தந்த சிறு தகட்டிலோ எண் பொறித்திருந்தால், வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். சாவி கையில் இருக்கும்போதே இன்னொன்று வெட்டிக்கொள்ளுங்கள். இருக்கும் சாவியைப் பார்த்து வெட்டுவது சில நிமிட வேலை.

"ஆர்சி புக் எங்க சார்?"

அன்று தகரப் பெட்டியைத் திறப்பதற்கு முன் சாவிக்காரர் கேட்டது இதைத்தான். புத்தகம் காருக்குள், டேஷ்போர்டில் இருந்தது.

"உள்ளதான் இருக்கு பாய்," என்றார் பெரியப்பா.

சாவிக்காரர் பெட்டியைத் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரும் மளிகைக் கடைக்காரரும் வந்து, வண்டி இவருடையதுதான் என்று சொன்ன பிறகே மெழுகுவத்தியை ஏற்றினார். கதவு திறந்ததும் சாவியைக் கொடுத்துவிடவில்லை. கைக்குள் வைத்துக்கொண்டு, "புக்கை எடுங்க சார்" என்றார். நம்பர் பிளேட்டையும் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தார். புத்தகத்தில் இருந்த பெயரையும் பெரியப்பாவின் ஆதார் அட்டையையும் ஒத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கையைத் திறந்தார்.

ஊரில் எந்தப் பழைய வண்டியையும் முக்கால் மணி நேரத்தில் திறக்கக்கூடிய மனிதர் அவர். அந்த வண்டிகளுக்கெல்லாம் உண்மையான காவல், பித்தளைத் தகடுகளைவிட, அவர் கேட்கும் அந்த ஒரு கேள்விதான்.

கிளம்புவதற்கு முன், பெரியப்பா கேட்காமலே இன்னொரு சாவியும் இழைத்து, பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தார். கரியைத் துணியால் துடைத்து, வாசலில் நின்றிருந்த பெரியம்மாவிடம் நீட்டினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா."